ஓடாத கல்யாண டிவிடியிலிருந்து படத்தை மீட்பது எப்படி: பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

அலமாரியில் பதினைந்து வருஷமாகக் கிடந்த கல்யாண டிவிடியைப் பிளேயரில் போடுகிறோம். மாப்பிள்ளை அழைப்பு வரை நன்றாக ஓடுகிறது. முகூர்த்தம் வரும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்து, அப்படியே நின்றுவிடுகிறது. வெளியே எடுத்து, சட்டை நுனியில் வட்டமாகத் துடைத்து, மறுபடி போடுகிறோம். பிறகு லேப்டாப்பில் போட்டு ஃபைலை இழுத்து விடுகிறோம். காப்பி எழுபது சதவீதத்தில் நின்று, டிரைவ் அரைமணி நேரம் உறுமிக்கொண்டே கிடக்கிறது.

இதில் ஒவ்வொரு படியிலும் டிஸ்க் கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகிறது. வட்டத் துடைப்பில் புதுக் கீறல் விழுகிறது. ஏற்கெனவே உள்ள விரிசல் வேகச் சுழற்சியில் பெரிதாகிறது. வாசிக்க முடியாத இடத்தையே விண்டோஸ் திரும்பத் திரும்பக் கேட்பதால் டிரைவ் சூடாகி, நன்றாக இருக்கும் பகுதியைக்கூட வாசிக்கத் திணறுகிறது. பழுதான டிஸ்கிலிருந்து ஃபைலைக் காப்பி செய்ய முயலாதீர்கள். பிளேயரில் போட்டு எதுவரை ஓடுகிறது என்று சோதிக்கவும் வேண்டாம். முதல் வேலை, டிஸ்க் முழுவதையும் ஒரே இமேஜ் ஃபைலாக, அதாவது அதன் அச்சு அசல் பிரதியாக, ஹார்டு டிஸ்கில் இறக்குவது. பாலிஷ், ரிப்பேர், எம்பி4 எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தக் கட்டுரை வீட்டு வீடியோக்களுக்கானது: கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, அறுபதாம் கல்யாணம், ஹேண்டிகேமில் எடுத்த பயணங்கள். ஸ்டுடியோக்காரர் எழுதித் தந்த டிஸ்கில் பூட்டு எதுவும் இருக்காது. கடையில் வாங்கிய சினிமா டிவிடிகளில் பூட்டு உண்டு. அதை உடைத்து நகலெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு தனியாகக் கையாள்கிறது. அதற்குள் நாம் போகப்போவதில்லை.

டிஸ்கைக் கையில் எடுத்துப் பாருங்கள்

டியூப்லைட்டுக்குக் கீழே டிஸ்கைச் சாய்த்துப் பிடியுங்கள். ஓரத்தையும் நடுத்துளையையும் மட்டும் தொடுங்கள். அடிப்பக்கம் ஊதா நிறம் தெரிந்தால் அது டிரைவில் எழுதிய டிஸ்க். தகவல் ஒரு சாயப் படலத்தில் பதிந்திருக்கிறது. நல்ல வெள்ளியாக மின்னினால் தொழிற்சாலையில் அச்சிட்டது. ஸ்டுடியோ கொடுத்தது கிட்டத்தட்ட எப்போதும் ஊதாதான்.

டிவிடி 1.2 மில்லிமீட்டர் தடிமன். ஒவ்வொன்றும் 0.6 மில்லிமீட்டர் கொண்ட இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். தகவல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சிடியிலும் விசிடியிலும் அப்படி இல்லை. தகவல் மேல்பக்கத்தில், லேபிளுக்கு நேர் கீழே மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில் இருக்கும். விசிடியின் மேல்பக்கத்தில் நகம் பட்டால்கூடப் படம் போய்விடும். டிவிடியில் மேல்பக்கக் கீறல் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது.

பதிவு நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக வளர்கிறது. எழுதிய பகுதிக்கும் காலிப் பகுதிக்கும் நடுவே நிறம் மாறுவதை ஒரு வளையமாகப் பார்க்கலாம். கை படுவதும், பசை விடுவதும், ஈரம் ஏறுவதும் வெளி ஓரத்தில்தான். அதனால்தான் கல்யாணக் கேசுகளில் வரவேற்பும் கடைசிப் பாட்டும் முதலில் போகின்றன.

பார்க்க வேண்டியவை இவை. கீறல் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகப் போனால் கவலை குறைவு, பிழை திருத்தும் முறை அதைத் தாண்டிவிடும். பாட்டுத் தட்டுக் கோடு போல வட்டமாக ஓடினால் கஷ்டம், ஏனெனில் ஒரே தடத்தில் நீளமாகத் தகவல் போகிறது. ஓரத்தில் வானவில் போன்ற படலமோ வெண்மையான பிறையோ தெரிந்தால் இரண்டு தட்டும் பிரியத் தொடங்கிவிட்டன. கீறலே இல்லாமல் ஊதா நிறம் மட்டும் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தால் சாயம் மங்கிவிட்டது. இதற்கு எந்தப் பாலிஷும் உதவாது, ஏனெனில் பழுது வெளிப்பக்கத்தில் இல்லை. நரம்பு நரம்பாக ஒட்டியிருப்பது பூஞ்சை. மழைக்காலத்தில் சுவரை ஒட்டிய பீரோவில் இருந்த டிஸ்குகளில் சாதாரணமாக வரும். பெரும்பாலும் துடைத்தால் போய்விடும்.

நடுத்துளையைச் சுற்றி முடிபோல் விரிசல் தெரிந்தால் நிறுத்துங்கள். 16 மடங்கு வேகத்தில் டிவிடி நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுற்றும். விரிசல் விட்ட டிஸ்க் டிரைவுக்குள்ளேயே சிதறிவிடக்கூடும், அப்புறம் மீட்க எதுவும் இருக்காது. அதைக் குறைந்த வேகத்தில் மட்டும், அதுவும் வேறு காப்பி எங்கேயும் இல்லை என்று உறுதியான பிறகே ஓட்ட வேண்டும்.

மேலே மணமக்கள் படம் போட்ட காகித ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள். உரிக்கும்போது டிஸ்க் வளையும், வளைந்தால் தட்டுகள் பிரியும். விசிடியில் தகவல் படலமே ஸ்டிக்கரோடு வந்துவிடும். ஸ்டிக்கர் பாதி பெயர்ந்து டிஸ்க் ஆடினால், பெயர்ந்த நுனியை மட்டும் மெதுவாக அழுத்தி ஒட்டிவிட்டு, குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள்.

துடைக்கும் முறை

முதலில் ஊதும் பந்தால் தூசியைத் தட்டுங்கள். தூசியோடு துடைத்தால் அதுவே உப்புத்தாள். கைரேகையோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் மைக்ரோஃபைபர் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புதுப்பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பூஞ்சைக்கு ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவத்தை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து அடிப்பக்கத்தை மட்டும் துடைத்து, பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் துடையுங்கள். போர்வெல் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்புப் புள்ளி நிற்கும். இன்க்ஜெட்டில் நேரடியாக அச்சடித்த மேல்பக்கத்தில் தண்ணீர் பட்டால் சாயம் கரையும், அதனால் டிஸ்கை முக்கி எடுக்காதீர்கள். நிழலில் நன்றாகக் காயட்டும்.

தின்னர், அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல் எதுவும் கூடாது. பாலிகார்பனேட் பிளாஸ்டிக் அதில் பால் போல் வெளுத்துவிடும், திரும்பாது. ஃபிரிட்ஜில் வைத்தால் ஓடும் என்பதையும் கேட்காதீர்கள், வெளியே எடுத்ததும் டிஸ்க் வியர்த்து ஈரம் கோத்துக்கொள்ளும். பற்பசை வைத்துத் தேய்ப்பது மேலோட்டமான கீறலுக்குச் சில நேரம் பலன் தரும், ஆனால் அது தேய்த்துக் குறைக்கும் வேலை. முதல் இமேஜ் கையில் இருக்கும்போது மட்டும் நினைத்துப் பாருங்கள்.

டிரைவ்: சாஃப்ட்வேரைவிட இதுதான் முக்கியம்

புதிதாக வருபவர்கள் சாஃப்ட்வேர் தேடுவதில் ஒரு வாரம் செலவழிக்கிறார்கள். ஒரே டிஸ்க் ஒரு டிரைவில் 92 சதவீதத்தில் நின்று, வேறொரு டிரைவில் முழுதாக வருவது மிகச் சாதாரணம். லேசரின் பலம், லென்ஸ் தடத்தைப் பிடிக்கும் திறன், உள்ளிருக்கும் பிழை திருத்தும் நிரல் எல்லாமே டிரைவுக்கு டிரைவ் மாறும். ஆகவே குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று வேறு வேறு கம்பெனி டிரைவுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் ஓரமாகக் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பில் இருப்பதும் கணக்கில் சேரும்.

யுஎஸ்பியில் செருகும் மெல்லிய டிரைவ் வசதியானது, ஆனால் பழுதான டிஸ்குக்கு டெஸ்க்டாப்பில் வரும் பெரிய 5.25 அங்குல டிரைவையே நாங்கள் முதலில் எடுப்போம். மோட்டாரும் லென்ஸ் தாங்கியும் கனமானவை, ஆட்டம் குறைவு. மெல்லிய டிரைவ்தான் கையில் இருக்கிறது என்றால், நேராக லேப்டாப்பில் செருகாமல் தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் வழியாக மின்சாரம் கொடுங்கள். டிஸ்க் போட்டதும் டிக் டிக் என்று நின்று நின்று சுற்றினால், பல நேரம் மின்சாரப் பற்றாக்குறைதான் காரணம்.

பெங்களூரில் இதற்குப் போக வேண்டிய இடம் எஸ்.பி. ரோடு, அதாவது சதர் பத்ரப்பா ரோடு. சிக்பேட் மெட்ரோவிலோ கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவிலோ இறங்கி நடந்துவிடலாம். கன்னடம், இந்தி, தமிழ் எதில் கேட்டாலும் காரியம் நடக்கும். "டெஸ்க்டாப் டிவிடி ரைட்டர், சாட்டா" என்று கேளுங்கள். சாட்டா (SATA) என்பது டிரைவின் இணைப்பு வகை. பின்பக்கம் அகலமான நாற்பது ஊசி சொருகி இருந்தால் அது பழைய ஐடிஇ வகை, தேவையில்லாத தலைவலி. கூடவே சாட்டாவை யுஎஸ்பியாக மாற்றும் அடாப்டர் வேண்டும். இங்கேதான் பலர் தவறாக வாங்குகிறார்கள். 2.5 அங்குல ஹார்டு டிஸ்குக்கான சின்ன கேபிள் 5 வோல்ட் மட்டும் தரும், அதில் பெரிய டிவிடி டிரைவ் சுற்றாது. சுவரில் செருகும் 12 வோல்ட் அடாப்டரோடு வருவதைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய டிரைவ் வாங்கும்போது கடையிலேயே கம்ப்யூட்டரில் மாட்டச் சொல்லி ஓட்டிப் பாருங்கள். அதற்கு வீட்டிலிருந்து நன்றாக ஓடும் ஒரு எழுதிய டிவிடியை எடுத்துப் போங்கள். கல்யாண டிஸ்கை எடுத்துப் போகாதீர்கள். தட்டு சீராக வெளியே வந்து உள்ளே போகிறதா, டிஸ்கை அடையாளம் காண எவ்வளவு நேரம் எடுக்கிறது, கடைசி ஃபைல் வரை காப்பி ஆகிறதா என்று பார்த்தால் போதும்.

இமேஜ் எடுப்பது

எங்கள் தேர்வு லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூ (ddrescue). இலவசம். உபுண்டுவைப் பென் டிரைவில் போட்டு லேப்டாப்பை அதில் எழுப்பினால் போதும், விண்டோஸை அழிக்க வேண்டியதில்லை. உபுண்டுவில் இந்தத் தொகுப்பின் பெயருக்கு முன்னால் கூடுதலாக ஒரு 'ஜி' இருக்கும், அதாவது ஜிடிடிரெஸ்க்யூ (gddrescue) என்று தேட வேண்டும். ஓட்டும்போது டிடிரெஸ்க்யூ என்றே அழைக்க வேண்டும். இந்தக் குழப்பத்தில் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

இதன் பலம் மேப் ஃபைல். எந்த இடம் வந்தது, எது வரவில்லை, எதை இன்னும் தொடவே இல்லை என்று அதில் குறித்துக்கொண்டே போகும். கரண்ட் போனாலும், டிரைவை மாற்றினாலும், நாளை தொடர்ந்தாலும், வந்த பகுதியை மறுபடி வாசிக்காது. விடுபட்டதை மட்டும் கேட்கும். மேப் ஃபைல் இல்லாமல் ஓட்டினால் இந்தச் சாஃப்ட்வேரைப் பயன்படுத்தியதற்கே அர்த்தமில்லை.

தொடங்கும்முன்: ஹார்டு டிஸ்கில் ஒரு டிஸ்குக்கு 15 ஜிபி காலியாக வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் தூங்கப் போகும் அமைப்பை அணைத்துவிடுங்கள். ஃபைல் பெயரில் இடைவெளி வேண்டாம். வருஷம், நிகழ்ச்சி, டிஸ்க் எண் என்று ஆங்கில எழுத்தில் ஒட்டி எழுதுங்கள். செட்டில் மூன்று டிஸ்க் இருந்தால் மூன்று பெயர், மூன்று மேப் ஃபைல். ஒரு டிஸ்கின் இமேஜையும் மேப் ஃபைலையும் இன்னொன்றுக்குக் கொடுத்துவிட்டால் இரண்டு கல்யாணமும் ஒரே ஃபைலில் கலந்துவிடும்.

அடுத்து வேகம். 'இஜெக்ட்' கட்டளைக்குச் சின்ன எக்ஸ் போட்டு 4 என்று கொடுத்தால் (eject -x 4) டிரைவ் 4 மடங்கு வேகத்துக்கு இறங்கும். டிஸ்கை வெளியே எடுத்துப் போட்டால் மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். சில டிரைவுகள் இதைக் கேட்காது, அப்போது வேறு டிரைவ். 1 மடங்கு என்றால் விநாடிக்குச் சுமார் 1.385 எம்பி. 4.7 ஜிபி நிறைந்த டிஸ்க் அதில் சுமார் ஒரு மணி நேரம் பிடிக்கும், 4 மடங்கில் கால் மணி நேரம். அது நல்ல டிஸ்குக்கான கணக்கு. பழுதானதற்கு ஒரு ராத்திரியே போகலாம்.

முதல் சுற்றில் கட்டளைக்கு மூன்று பெயர்கள் இதே வரிசையில் வேண்டும்: டிவிடி டிரைவின் பெயர் (லினக்ஸில் வழக்கமாக எஸ்ஆர் பூஜ்யம், /dev/sr0), இமேஜ் ஃபைல், மேப் ஃபைல். அவற்றுக்கு முன்னால் சின்ன 'பி' 2048 (-b 2048), ஏனெனில் டிவிடியின் ஒரு செக்டர் 2048 பைட். கூடவே சின்ன 'என்' (-n). இது பழுதான இடங்களைக் கிண்டிக் கிளறாமல் தாண்டிப் போகச் சொல்கிறது. நன்றாக இருப்பதை முதலில் அள்ளிக்கொள்ள வேண்டும், டிஸ்க் இடையில் செத்தாலும் அது நம் கையில் இருக்கும். 'ஃபோர்ஸ்' (--force) என்ற விருப்பத்தை எந்தச் சூழ்நிலையிலும் சேர்க்காதீர்கள். வரிசை தவறி ஹார்டு டிஸ்கின் பெயரைக் கொடுத்தாலும் அதன்மேல் எழுத மறுக்கும் பாதுகாப்பை அது எடுத்துவிடும்.

திரையில் மீட்ட அளவு, சதவீதம், பிழைகளின் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும். தொடக்கத்தில் விநாடிக்கு 5 எம்பி போகும். பழுதான இடம் வந்ததும் சில கேபிக்கு விழும், டிரைவ் முனகும். கை வைக்காமல் விடுங்கள்.

முதல் சுற்று முடிந்ததும் டிரைவை இருபது நிமிஷம் ஆறவிடுங்கள். இரண்டாவது சுற்றில் சின்ன 'என்'னை எடுத்துவிட்டு, சின்ன 'டி' (-d) சேருங்கள். இது லினக்ஸின் இடைத்தேக்கத்தை (கேஷ்) தாண்டி நேராக டிரைவிடம் கேட்கும். அதோடு சின்ன 'ஆர்' 3 (-r 3), அதாவது மீதியை மூன்று முறை முயலச் சொல்வது. இன்னும் விடுபட்டால் பெரிய 'ஆர்' (-R) சேர்த்துப் பின்னாலிருந்து முன்னால் ஓட்டுங்கள். ஒரு பழுதை முன்பக்கமாக நெருங்கும்போது தடம் தவறும் லென்ஸ், மறுபக்கமாக வரும்போது இன்னும் கொஞ்சம் உள்ளே வரை வாசித்துவிடுவது உண்டு.

அதற்கு மேல் அதே டிரைவில் ஐம்பது முறை முயல்வதில் பயனில்லை. டிஸ்கை எடுங்கள், மறுபடி துடையுங்கள், இரண்டாவது டிரைவில் போடுங்கள், அதே இமேஜ், அதே மேப் ஃபைல். பிறகு மூன்றாவது. முதல் டிரைவ் பத்து முயற்சியில் தராததை இரண்டாவது டிரைவ் முதல் சுற்றிலேயே தருவதைப் பார்ப்பீர்கள்.

விண்டோஸ்தான் என்றால் ஐசோபஸ்டர் நல்ல கருவி. நிறுத்தித் தொடரக்கூடிய இமேஜ் எடுக்கும், முடித்து மூடப்படாத டிஸ்கையும் வாசிக்கும். முக்கியமான சில வசதிகளுக்குப் பணம் கட்ட வேண்டும். பழுது லேசானது என்றால் இம்க்பர்ன் போதும். அமைப்பில் வாசிப்பு வேகத்தைக் குறைத்து, வாசிப்புப் பிழைகளைத் தாண்டச் சொல்லும் பெட்டியில் டிக் போட்டுவிட்டு இமேஜ் எடுங்கள்.

டிஸ்க் செருகியும் எதுவுமே தெரியவில்லை, டிரைவ் காலி என்று சொல்கிறது என்றால், நடுவிலுள்ள தொடக்கப் பகுதியை வாசிக்க முடியவில்லை என்று அர்த்தம். நடுப்பக்கம் பதிவு தொடங்கும் உள்வளையத்தை இன்னொரு முறை துடைத்துவிட்டு டிரைவை மாற்றுங்கள்.

பெண் வீட்டு டிஸ்க், மாப்பிள்ளை வீட்டு டிஸ்க்

நம் கல்யாணங்களில் இருக்கும் பெரிய வசதி இது. ஸ்டுடியோ ஒரே படத்தை இரண்டு வீட்டுக்கும் எழுதித் தந்திருக்கும். அல்சூரில் இருப்பது முகூர்த்தத்தில் உடைந்தால், வேலூரிலோ கோலார் தங்கவயலிலோ உள்ள சம்பந்தி வீட்டு அலமாரியில் இருப்பது வேறு இடத்தில் உடைந்திருக்கும். இரண்டும் ஒரே இடத்தில் பழுதாவது அரிது. எனவே மூன்றாவது டிரைவ் தேடும்முன் ஒரு ஃபோன் போடுங்கள். பெரியம்மா வீடு, வெளிநாட்டில் உள்ள மச்சான் என எல்லோரிடமும் கேளுங்கள்.

ஒரே மூலத்திலிருந்து எழுதியவை என்றால் இரண்டும் பைட்டுக்குப் பைட் ஒன்றாகவே இருக்கும். அப்போது இரண்டாவது டிஸ்கைச் செருகி, முதல் டிஸ்கின் இமேஜையும் மேப் ஃபைலையும் கொடுத்து டிடிரெஸ்க்யூவை ஓட்டினால், ஓட்டைகளை மட்டும் அதிலிருந்து நிரப்பிக்கொள்ளும். ஆனால் முன்னதாக இரண்டு டிஸ்கின் பெயரும், மொத்த அளவும், உள்ளிருக்கும் ஒவ்வொரு ஃபைலின் பைட் எண்ணிக்கையும் தேதியும் ஒன்றா என்று பாருங்கள். ஒரு பைட் வித்தியாசம் இருந்தாலும் கலக்காதீர்கள். தனி இமேஜாக எடுத்து, பிறகு எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்ளலாம். இந்தச் சோதனைக்கு முன் முதல் இமேஜையும் மேப் ஃபைலையும் வேறு ஃபோல்டரில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

ஸ்டுடியோவையும் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்துப் படப்பிடிப்பு பெரும்பாலும் மினிடிவி (MiniDV) என்ற சின்ன வீடியோ கேசட்டில் நடந்தது. அந்தக் கேசட்டுகளை வீட்டாரிடமே கொடுத்த ஸ்டுடியோக்கள் உண்டு. பீரோவில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கேசட் கிடைத்தால், அதிலிருப்பது டிவிடியைவிடத் தரமான படம்.

எங்கே நிறுத்துவது

இரண்டு மணி நேரப் படம் 4.7 ஜிபியில் இருந்தால், 1 எம்பி என்பது சுமார் ஒன்றரை விநாடி. 99.9 சதவீதம் வந்துவிட்டது என்றால் போனது ஏழெட்டு விநாடி. அந்த ஏழு விநாடி பந்தியில் சாம்பார் ஊற்றும் காட்சியாக இருந்தால் விட்டுவிடலாம், தாலி கட்டும் காட்சியாக இருந்தால் இன்னும் இரண்டு டிரைவ் முயலலாம். ஆகவே சதவீதத்தை மட்டும் பார்க்காமல், கிடைத்த இமேஜை விஎல்சி (VLC) என்ற இலவச வீடியோ பிளேயரில் திறந்து ஓட்டை எந்தக் காட்சியில் விழுகிறது என்று பாருங்கள். ஐஎஸ்ஓ (.iso) என்று முடியும் இமேஜ் ஃபைலை விஎல்சி நேரடியாகவே ஓட்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். டிவிடி தகவலை 32 கேபி கட்டுகளாகப் பிழை திருத்துகிறது. கட்டு முழுதாகப் போனாலும் அது விநாடியின் இருபதில் ஒரு பங்குதான். ஆனால் டிவிடியின் சுருக்க முறையான எம்பெக்-2 படத்தில் அரை விநாடிக்கு ஒரு முறைதான் முழுப் படம் வரும், நடுவில் வருபவை அதை ஒட்டிய மாற்றங்கள் மட்டுமே. அதனால் சின்ன ஓட்டையும் அடுத்த முழுப் படம் வரும்வரை கட்டம் கட்டமாகத் தெரியும்.

இமேஜிலிருந்து படம்

ஐஎஸ்ஓவைத் திறந்தால் 'வீடியோ டிஎஸ்' (VIDEO_TS) ஃபோல்டரில் மூன்று வகை ஃபைல்கள் இருக்கும். விஓபி என்று முடிபவை படம். ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள் வெட்டப்பட்டிருக்கும், பெயரில் எண் பூஜ்யத்தில் முடிவது மெனு. ஐஎஃப்ஓ என்பது எந்தக் காட்சி எங்கே என்ற அட்டவணை, பியுபி அதன் அச்சு அசல் நகல். மெனு வராமல் எந்தச் சாஃப்ட்வேரும் டிஸ்கை ஏற்கவில்லை என்றால் ஐஎஃப்ஓ கெட்டிருக்கலாம். ஃபோல்டரை ஹார்டு டிஸ்கில் காப்பி செய்து, அதே பெயருள்ள பியுபியை ஐஎஃப்ஓ என்று பெயர் மாற்றிப் போடுங்கள். இரண்டுமே போய்விட்டாலும் பதற வேண்டாம், விஓபி ஃபைல்களை விஎல்சி தனித்தனியாக ஓட்டும்.

நன்றாக வந்த இமேஜுக்கு மேக்எம்கேவி எளிது. படத்தைத் திரும்பச் சுருக்காமல், அப்படியே ஒரே எம்கேவி ஃபைலாக எடுத்துக் கொடுக்கும். இதைத்தான் மூலப் பிரதியாக வைக்க வேண்டும். ஓட்டை உள்ள இமேஜில் ஒரு சிக்கல் வரும். ஓட்டைக்குப் பிறகு வாயசைவும் குரலும் பிரிந்து, மேளச் சத்தம் முந்திக்கொள்ளும். படச் சட்டங்கள் போன அளவுக்கு ஒலி போகாததுதான் காரணம். ஓட்டை உள்ள இடத்தில் லாஸ்லெஸ்கட் போன்ற கருவியால் ஃபைலை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனியே மாற்றினால் சரியாகும்.

ஃபோனில் பார்க்கவும் வாட்ஸ்அப்பில் அனுப்பவும் எம்பி4 வேண்டும் என்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேர். தரக் குறியீடு 18 முதல் 20க்குள், அகலம் உயரத்தைத் தொடாமல். கல்யாணப் படம் பால் (PAL) என்ற நம் டிவி முறையில் 720க்கு 576, விநாடிக்கு 25 படம், அதுவும் ஒவ்வொரு படமும் இரண்டு பாதிக் கோடுகளாகப் பின்னியது. கம்ப்யூட்டரில் பார்க்கும்போது அட்சதை போடும் கைகளின் ஓரம் சீப்புப் பல் போலத் தெரிவது இதனால்தான். டிஸ்க் பழுதல்ல. டீஇன்டர்லேஸில் 'பாப்' (Bob) என்பதைத் தேர்ந்தெடுத்து, 50 படமாக வெளியே எடுங்கள். அசைவு பழைய டிவியில் பார்த்த மாதிரியே வழுக்கிக்கொண்டு போகும். பெரிதாக்கி 4கே ஆக்கும் ஆசை வந்தால், தனி நகலில் செய்துகொள்ளுங்கள். முகங்கள் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடுவது உண்டு.

ஹேண்டிகேம் சின்ன டிஸ்கும் விசிடியும்

8 சென்டிமீட்டர் டிஸ்கை வாயால் விழுங்கும் வகை டிரைவில் போடாதீர்கள், வெளியே வராது. தட்டு வகை டிரைவில் உள்வட்டப் பள்ளத்தில் வையுங்கள். கம்ப்யூட்டர் இதைக் காலி என்று சொன்னால் பெரும்பாலும் கேமராவில் 'ஃபைனலைஸ்' செய்யாமல், அதாவது பதிவை முடித்து மூடாமல், விட்டிருப்பார்கள். கேமரா இன்னும் உயிரோடு இருந்தால், அதன் சார்ஜரைச் செருகி வைத்துக்கொண்டு அதிலேயே ஃபைனலைஸ் செய்யுங்கள். பேட்டரியில் ஓட்டி நடுவில் அணைந்தால் டிஸ்க் கெடும். டிஸ்க் பழுதும்கூட என்றால் ஃபைனலைஸ் வேண்டாம், அது டிஸ்கில் புதிதாக எழுதும் வேலை. ஐசோபஸ்டரில் இமேஜ் எடுத்து, அதிலிருந்து படத்தைத் தேடச் சொல்லுங்கள்.

விசிடிக்கு மேலே சொன்ன 2048 கணக்கு ஒத்துவராது. அதன் படச் செக்டர்கள் வேறு அளவு, டிடிரெஸ்க்யூவில் பிழையாகவே வரும். ஐசோபஸ்டரில் படத் தடத்தைத் தேர்ந்தெடுத்து எடுங்கள். 'எம்பெக் ஏவி' (MPEGAV) ஃபோல்டரில் உள்ள டேட் (.dat) ஃபைல்தான் படம், விஎல்சி அப்படியே ஓட்டும்.

எல்லா டிரைவும் கைவிட்ட பிறகும், பழைய தனி டிவிடி பிளேயர் ஒன்றில் தட்டுத் தடுமாறியாவது ஓடினால் அதையும் விடாதீர்கள். பிளேயர்கள் பிழையைக் கேட்டு நிற்காமல் தாண்டிப் போகும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை கேபிளை யுஎஸ்பி கேப்சர் குச்சியில் மாட்டி, பால் முறை, 720க்கு 576 என்று வைத்து ஓபிஎஸ் (OBS) என்ற பதிவு சாஃப்ட்வேரில் பதிவு செய்யுங்கள். தரம் ஒரு படி குறையும், ஆனால் இமேஜில் ஓட்டையாக உள்ள காட்சி இதில் வந்திருக்கும்.

வெளியே கொடுப்பதானால்

டேட்டா ரெகவரி என்று பலகை வைத்திருப்பவர்களில் பலர் ஹார்டு டிஸ்க் வேலை செய்பவர்கள். டிஸ்கைக் கொடுக்கும்முன் மூன்று கேள்வி கேளுங்கள். முதலில் இமேஜ் எடுப்பீர்களா, பாலிஷ் போடுவீர்களா? வராவிட்டால் எவ்வளவு கட்டணம்? இமேஜையும் என்னிடம் தருவீர்களா, எம்பி4 மட்டுமா? முதல் கேள்விக்கு "மெஷினில் போட்டுத் தேய்த்துவிடுவோம்" என்று பதில் வந்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். தேய்க்கும் மெஷின் பிளாஸ்டிக்கில் ஒரு படலத்தை எடுத்துவிடும். சில முறைக்கு மேல் தாங்காது, சாயம் மங்கிய டிஸ்குக்கு எதுவும் செய்யாது. கீறல்தான் காரணம், இமேஜும் கையில் இருக்கிறது என்றால் அப்போது தாராளமாகத் தேய்க்கலாம். தேய்த்த பிறகு அதே மேப் ஃபைலோடு இன்னொரு சுற்று ஓட்டுங்கள்.

மீட்ட ஐஎஸ்ஓ, மேப் ஃபைல், எம்கேவி மூன்றையும் இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்கில் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். அந்த டிஸ்கைத் தூக்கிப் போடாதீர்கள். கவரில் இமேஜ் ஃபைலின் பெயரையும், எத்தனை சதவீதம் வந்தது என்பதையும், எந்த எந்த டிரைவில் ஓட்டினோம் என்பதையும் எழுதி, நிமிர்த்தி வைத்துவிடுங்கள். அடுத்த வருஷம் வேறொரு டிரைவ் கைக்கு வந்தால், விட்ட இடத்திலிருந்து தொடர அந்த மூன்று வரி போதும்.